பம்பு அறையின் மூடி

கொல்லிமலையில் கப்பல் கட்டுகிறவனைப் பார்த்து ஊர் சும்மா இருக்குமா? தேவனூர் நாடு என்கிற மலையூர்த் தொகுதியில் செல்வத்தின் வீட்டைக் கடக்கிறவர்களெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "கடலு எப்பங்க மலையேறி வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் மனைவி யமுனாவும் முதலில் சேர்ந்து சிரித்தாள். கடற்படை வேலையை விட்டுவிட்டு வந்த புருஷன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு, ரிமோட்டில் ஓடும் போர்க்கப்பல் பொம்மை செய்தாலும் தேவலை என்று நினைத்தாள்.

அவன் தூங்குவதில்லை. கண் சொருகினாலும் திடுக்கென்று எழுந்து சுவரில் காதை வைப்பான். காரணம் அவளுக்குத் தெரியும். கப்பலின் அடியில் பம்பு அறைக்குள் தண்ணீர் பீறிட்டபோது மூடியைச் சாத்தச் சொல்லி உத்தரவு வந்தது. சாத்தித் தாழ் போட்டவன் செல்வம். உள்ளே மாட்டிக்கொண்டவன் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்ட திருச்செங்கோட்டு அர்த்தனாரி. தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. சாத்தியிருக்காவிட்டால் கப்பலே போயிருக்கும், நீ செய்தது சரிதான் என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னால் தூக்கம் வந்துவிடுமா?

மிளகு மூட்டை போடும் அறையில் வேலை நடந்தது. நாலடி நீளத்துக்கு அடிக்கட்டை, அதன் மேல் மீன் முள்ளைப் போல வரிசையாக ப்ளைவுட் விலாக்கள். மெல்லிய மரப்பட்டிகளை மரவள்ளிக் கிழங்கு அவிக்கும் அண்டாவில் வேகவைத்து, சூட்டோடு வளைத்து விலாக்களின் மேல் ஒட்டினான். அதற்கு மேல் கண்ணாடி நார்த் துணியும் ரெசின் பசையும். மலைப்பனியில் ரெசின் காயாமல் பிசுபிசுத்தபோது கரியடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காவல் இருந்தான். ரெசின், மோட்டார், ரிமோட் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தவர் அப்பாஸ் அலி. அடிவாரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், மிளகு வாங்க மலையேறி வருவார்.

பொம்மைக் கப்பலிலும் ஒரு பம்பு அறை வைத்தான் செல்வம். அதற்கு அடியில் வைக்கத் தடித்த கட்டை ஒன்று வேண்டும் என்றான். யமுனா கொல்லைக்குப் போனாள். அங்கே முள்முருங்கை இரண்டு அடுக்காக இருந்தது. ஒன்று, தேய்பிறையில் வெட்டிக் காயப்போட்டது, சில்லறை மரவேலைக்கு. மற்றது, மிளகுக்கொடி ஏற்ற நடுவதற்காக வளர்பிறையில் வெட்டி நிழலில் சாத்திய போத்து, துளிர்க்கிற பச்சைக் கிளை. கைக்கு எட்டியதை உருவிக்கொண்டு வந்தாள். எந்த அடுக்கு என்று பார்க்கவில்லை. கப்பலில் பத்து வருஷம் இருந்தவனுக்கு மரத்தில் பச்சையும் காய்ந்ததும் மறந்துபோயிருந்தது.

கட்டையை உள்ளே பொருத்தி, அந்த அறைக்கு மேல் தீப்பெட்டி அளவில் ஒரு மூடி வைத்தான். வெளியே பித்தளைக் கம்பியில் ஒரு சின்னத் தாழ். மூடினான், தாழைப் போட்டான், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

ஆனி பிறந்து சாரல் பிடித்த ஒரு மத்தியானம், யமுனா அந்த அறையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். டொக், டொக், டொக். முறத்தை நிறுத்தினாள். சத்தம் கப்பலுக்குள்ளிருந்து வந்தது.

"உனக்கும் கேக்குதா கண்ணு?" செல்வம் வாசற்படியில் நின்றிருந்தான்.

இத்தனை நாள் அவனுக்கு மட்டும் கேட்ட சத்தம். "ஈரத்துல மரம் உப்புதுங்க," என்றாள்.

"மூணு தட்டு, அப்பறம் ஒரு மூச்சு நேரம். அர்த்தனாரி அப்படித்தான் தட்டுனான்."

"அப்பத் தெறந்து பாத்துருங்க."

"ஏரியில மெதக்குற அன்னிக்குத்தான் தெறக்கோணும். தண்ணியிலதான அவன உட்டுட்டு வந்தேன்." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "உள்ள ஒண்ணுமே இல்லீன்னா, நா போய்த் தேடிக் கூட்டியாரோணும்."

எங்கே போய் என்று அவள் கேட்கவில்லை. இந்த மலையில் கிணற்றுக்கும் அருவிக்கும் பஞ்சமா? அன்று முதல் அவன் போகிற இடமெல்லாம் கூடவே போனாள். கப்பலின் அந்தப் பம்பு அறை காலியாக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு நாள் அவன் குளிக்கப் போன சமயத்தில், ஒரு விபூதிப் பொட்டலத்தை உள்ளே போட்டுவிடலாம் என்று தாழில் கை வைத்தாள். அடியிலிருந்து தட்டல் அவள் விரல்நுனியில் வந்து மோதியது. கையை இழுத்துக்கொண்டவள் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. தாழ் போட்டபடியே இருந்தது.

ஆடியில் ஒரு காலை, அப்பாஸ் அலியின் வேனில் கப்பலை ஏரிக்குக் கொண்டுபோனார்கள். மூடி தாழ் போட்டபடியே கப்பல் நன்றாகத்தான் மிதந்தது. செல்வம் ரிமோட்டின் குச்சியைத் தள்ள, மோட்டார் முனக அது நடு ஏரிக்குப் போனது. பனி இறங்கி அதை மறைத்தது. திருப்பினான், வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தமும் அடங்கிவிட்டது.

"ரேஞ்ச் தாண்டிருச்சு தம்பி. காத்தடிச்சா கரையில ஒதுங்கும்," என்றார் அப்பாஸ் அலி.

செல்வம் ரிமோட்டை அணைத்துப் புல்லின் மேல் வைத்தான். செருப்பைக் கழற்றினான். "நா போய்க் கூட்டியாறேன்," என்று தண்ணீரில் இறங்கினான். யமுனா ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் இழுத்த இழுப்பில் இருவருக்கும் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது.

அப்போது மோட்டார் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து கப்பல் நேராக வந்து செல்வத்தின் காலில் முட்டி நின்றது. அப்பாஸ் அலி புல்லில் கிடந்த ரிமோட்டைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார்.

மூடி திறந்திருந்தது. உள்ளிருந்து வெளிறிய தண்டு ஒன்று வளைந்து வெளியே வந்து, நுனியில் மூன்று இலைகளை விரித்திருந்தது.

செல்வம் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "வெளிய வந்துட்டான்," என்றான். பிறகு கரைச்சேற்றிலேயே உட்கார்ந்து, ஊருக்கு வந்த நாளிலிருந்து அழாத அழுகையை அழுது தீர்த்தான்.

"அட, முள்முருங்கை. நடுற போத்தக் கொண்டாந்து..." என்று ஆரம்பித்த அப்பாஸ் அலி, யமுனா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். எந்த அடுக்கிலிருந்து உருவினோம் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஒரு கவனப்பிசகு தாலியைக் காப்பாற்றும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

வேனில் ஏறியதும் செல்வம் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். வாய் பிளந்து, குறட்டை விட்டு, அப்படியொரு தூக்கம். கப்பல் அவள் மடியில் இருந்தது. தளிர் முட்டினால் சத்தம் வரும், மூடியும் திறக்கும், அதெல்லாம் சரி. ஆனால் தாழ் வெளிப்பக்கம் அல்லவா இருந்தது? அது வளையவில்லை, பிய்ந்துகொண்டு வரவுமில்லை. யாரோ விரலால் இழுத்துவிட்டாற்போல முழுக்கப் பின்னால் போயிருந்தது.

யாரை வழியனுப்பினாலும் 'போயிட்டு வாங்க' என்பதுதான் வழக்கம். வெறுமனே 'போங்க' என்று எவரும் சொல்லமாட்டார்கள், சொன்னால் இனி திரும்பி வராதே என்று அர்த்தமாகிவிடும். யமுனா புருஷன் விழித்துவிடாதபடி மெல்லக் குனிந்து, திறந்திருந்த மூடியருகே வாயை வைத்தாள்.

"போங்கண்ணா," என்றாள்.