கோடாலி நின்ற குழி

வீட்டை ஒட்டி நின்ற புளியமரத்தின் மேல் கோபால்சாமிக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது. மண் அவனுடையது, மரம் தங்கை சாந்தம்மாளுடையது. அப்பன் சாகும்போது நிலத்தை மகனுக்கும் மரத்தை மகளுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். மலையில் இது வழக்கம்தான். காவலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட சாந்தம்மாள் மாசி பிறந்தால் வருவாள், அண்ணன் வீட்டில் தங்குவாள், புளி உலுக்கி மூட்டை கட்டிக்கொண்டு போவாள்.

ஓட்டு வீடு கட்டும்போதே பெண்டாட்டி அம்சவல்லி, மரத்தை விட்டுத் தள்ளிக் கட்டச் சொன்னாள். மகாராஜா கேட்டால்தானே? அடிமரத்தை உரசுகிற மாதிரி சுவர் வைத்தான். போன மாசியில் உலுக்கும்போது நாலு ஓடு உடைந்ததும் தங்கையிடம் வாய்க்கு வந்ததைப் பேசினான்.

"அடுத்தவாட்டி வந்தா ஒன் மரத்தையும் சேத்துத் தூக்கினு போய்டு."

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஐப்பசிக் காற்றில் பெரிய கிளை முறிந்து கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. பிள்ளைகள் படுக்கிற இடம். அந்த நேரம் அவர்கள் அடுப்பங்கரையில் இருந்ததால் பிழைத்தார்கள்.

"மரத்த வெட்டிடணும். ஒரு நட போய் ஒங்க தங்கச்சிய கேட்டுட்டு வாங்க. வேணாம்னா சொல்லப் போறாங்க?" என்றாள் அம்சவல்லி.

போயிருக்கலாம். ஆனால் அப்படிப் பேசிய வாயை வைத்துக்கொண்டு தங்கை வாசலில் போய் நிற்பதா? வீம்பு விடவில்லை.

பெரிய மரத்தை வெட்டுமுன் சாயங்காலம் அதன் மேல் கோடாலியைச் சாய்த்து வைப்பார்கள். விடிந்தும் நின்றால் மரத்துக்குச் சம்மதம். விழுந்து கிடந்தால் எவனும் வெட்டக் கை கொடுக்க மாட்டான்.

"தங்கச்சிய கேட்டியா?" என்றார் பக்கத்து வீட்டு ரங்கன்.

"மரத்தையே கேக்கறேனே," என்று ஊரார் முன்னால் கோடாலியைச் சாய்த்து வைத்தான் கோபால்சாமி.

அன்றைக்குக் காற்று அடங்கவேயில்லை. எல்லோரும் போனபின் அவன் செய்த காரியத்தைச் சொல்லவே வாய் கூசுகிறது. மரத்தடியில் ஒரு சாண் குழி பறித்து, கோடாலிக் காம்பை அதில் இறக்கி, கல் வைத்து இறுக்கி, மேலே சருகைத் தள்ளிவிட்டான். காலையில் ஊர் வந்து பார்த்தபோது கோடாலி அசையாமல் நின்றது. அவனே முந்திப் போய் அதை உருவி எடுத்து, காலால் சருகைத் தள்ளிக் குழியை மறைத்தான். பச்சைக் காயோடு மரத்தைச் சாய்த்தார்கள்.

மறுநாள் சாந்தம்மாள் வந்தாள். கிளை விழுந்த சேதியை ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் கேட்டாளாம். முந்தானையில் மஞ்சளும் கற்பூரமும் முடிந்திருந்தாள். விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"கோடாலி நின்னுச்சிம்மா. மரமே ஒத்துக்கிச்சி," என்றான் கோபால்சாமி. குரல் அவனுக்கே நன்றாக இல்லை.

"அப்பறம் இன்னாண்ணா. நானே வந்து கோடாலி சாய்ச்சி, வெட்டச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். பசங்களவிட மரமா பெருசு?" என்றாள்.

நம்பிவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அவள் அடிக்கட்டையில் மஞ்சள் பூசி, கற்பூரம் வைக்க இடம் பார்த்துச் சருகை ஒதுக்கினாள். குழி தெரிந்தது. சுற்றிலும் கல், நடுவே காம்பு நின்ற தடம். அவளும் மலையில் பிறந்தவள்தான். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோபால்சாமிக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, கிளை கழிக்க ரங்கனும் ஆட்களும் மேட்டில் ஏறி வரும் பேச்சுக்குரல் கேட்டது. சாந்தம்மாள் சட்டென்று குந்தி, கற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் குழிக்குள் மண்ணைத் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் மண்ணு அள்ளிப் போடுண்ணா," என்றாள் மெதுவாக. "ஆளுங்க வந்துடப் போறாங்க."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளினான்.