இரண்டடி பின்னால்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பூகம்ப டீச்சர் என்று பெயர். வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு என்று உலகத்தில் உள்ள அத்தனை சனியனையும் பாடமாக எடுப்பவள் அவள்தான். கெட்டிக்காரி, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூக்கம் வரவழைக்கிற ரகம் இல்லை. பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், நிற்கவைத்தே பாடத்தை முடித்துவிடுவாள்.

சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு. அதன்மேல் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள்.

"வீடு மேட்டுல இருக்கறவங்க ஓரடி முன்னால வாங்க. மாடி இருக்கா? இன்னும் ஓரடி. வண்டி இருக்கா? ஓரடி. தண்ணி வந்தா போய்த் தங்கறதுக்கு வேற இடத்துல சொந்தக்காரங்க இருக்காங்களா? வாங்க, வாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்துவாள். "வீட்டுல நடக்க முடியாதவங்க யாராவது இருந்தா, ரெண்டடி பின்னால போங்க."

கடைசியில் எல்லாரையும் திரும்பிப் பார்க்கச் சொல்லுவாள். "மழை எல்லார் தலையிலயும் ஒண்ணாத்தான் பெய்யும். ஆனா எல்லாரையும் ஒண்ணா முழுகடிக்காது. முன்னால நிக்கறவனுக்கு அது லீவு. பின்னால நிக்கறவளுக்கு அது சாவு."

பின்னால் நிற்பவள் எப்போதும் ஒருத்திதான். வாய்க்கால் கரைக்குக் கீழே, பள்ளத்தில், தகரக் கூரை வீட்டுப் பெண். அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே செத்த கட்டையாகக் கட்டிலில் கிடக்கிறார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இந்தப் பாடம் வந்த நாளிலிருந்து பிள்ளைகள் அந்தப் பெண்ணுக்கு 'கடைசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏய் கடைசி, பென்சில் குடு." "கடைசி, உங்கப்பாவுக்கு நீச்சல் தெரியுமாடி?" டீச்சர் காதிலும் இது விழுந்தது. பாடம் எவ்வளவு நன்றாகப் பதிந்திருக்கிறது பார் என்று அவளுக்குள் ஒரு பெருமைதான் வந்தது. என்ன மனசோ!

இந்த நேரத்தில் பேரிடர் அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. எல்லாப் பள்ளிக்கும் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறாராம். டீச்சருக்கு அந்த வேலைமேல் ஒரு கண். நாற்பது பிள்ளைகளின் இரைச்சலிலிருந்து தப்பித்துக் காரில் போய் இறங்கி மைக்கில் பேசுகிற வேலை யாருக்குத்தான் கசக்கும்?

அவர் வருகிற அன்றைக்குக் காலையில் அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், இன்னிக்கு நான் நிக்கலை. வேற யாரையாவது நிக்க வைங்க."

"என்னடி விளையாடறியா? நீ இல்லன்னா பாடமே இல்லை."

"எல்லாரும் சிரிக்கிறாங்க டீச்சர்."

டீச்சர் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தோளில் கை போட்டாள். "இங்க பாரு. வரப்போறவரு பெரிய ஆளு. உங்க அப்பாவை மழைக்கு முன்னாலயே தூக்கிட்டுப் போய் மேட்டுல இருக்கற முகாம்ல படுக்க வைக்க அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீ நல்லா நின்னேன்னா, பாடம் முடிஞ்சதும் நானே உன்னைக் கூட்டிட்டுப் போய்ச் சொல்றேன். சரியா?"

"நிஜமாவா டீச்சர்?"

"பின்ன, உங்கிட்டப் போய்ப் பொய் சொல்லுவேனா?"

பொய் என்று நினைத்து அவள் சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறோம் என்று அவளும் நம்பினாள். உண்மையில் அவள் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நடக்க முடியாதவர் இருக்கும் வீடுகளை மழைக்காலத்துக்கு முன்பே அலுவலகத்துக்குத் தெரிவிப்பது பள்ளியின் பொறுப்பு. பள்ளியில் அந்தப் பொறுப்பு அவளுடையது. சொன்னால்தான் மேட்டு முகாமுக்கு ஆள் வந்து தூக்கிப்போவார்கள். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டாள். ஊருக்குத்தான் உபதேசம்.

அதிகாரி வந்தார். பெண் நின்றாள். சும்மா நிற்கவில்லை, அப்பாவுக்காக நின்றாள். ரெண்டடி என்று சொன்னதற்கு மூன்றடி போனாள். "எங்கப்பாவால நடக்க முடியாது. தண்ணி வந்தா நானும் அம்மாவும் அவரைத் தூக்க முடியாது" என்று கேட்காமலேயே உரக்கச் சொன்னாள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கைதட்டல் அடங்கிப் பிள்ளைகள் வகுப்புக்குக் கலைந்ததும் அதிகாரி டீச்சரிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்தப் பொண்ணு சொன்னது நிஜமா?"

டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நிஜம்னா எங்களுக்கு ஏன் இன்னும் தகவல் வரலை? இந்தப் பள்ளியில பொறுப்பு யாரு?"

தலைமையாசிரியர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணும் ஆவலோடு கிட்டே வந்து நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் பளிச்சென்று சிரித்தாள்.

"ஐயையோ, இல்லை சார். சும்மா நடிப்பு. பிள்ளைங்களுக்கு மனசுல பதியணும்னு ஆளுக்கொரு வேஷம் குடுத்தேன்."

"அட! நான் பயந்தே போயிட்டேன்." அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கிவைத்திருந்த கப்பு ஒன்றை மேசையிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். "பிரமாதமா நடிச்சேம்மா. கண்ணுல தண்ணி வரவச்சுட்டே."

பெண் கப்பைப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள். "வாங்கிக்கம்மா, தேங்க்ஸ் சொல்லு" என்றாள் டீச்சர். போட்டோ எடுத்தார்கள். நாளைக்கே அலுவலகத்துக்குப் போய்த் தனியாக, பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். நாளைக்கு வேறு வேலை வந்தது. அதற்கு மறுநாள், சொன்னால் அன்றைக்குச் சொன்ன பொய் வெளியே வந்துவிடுமே என்று பயம் வந்தது. பயிற்சி வேலைக்கு உத்தரவு வந்த பிறகு அந்தப் பேச்சே அவளுக்குக் கசந்துவிட்டது.

மழை யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. விடாமல் கொட்டி, ஒரு மத்தியானம் வாய்க்கால் கரை உடைந்தது. பள்ளிக்கூடத்தையும் முகாமாக்கினார்கள். டீச்சர் அங்கே எல்லாருக்கும் ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி வாசல் படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். இருந்ததோ ஒரே படகு. நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்குத்தான் முதலில் போகும் என்று அறிவித்ததுதான் தாமதம், ஊரில் ஒருத்தர் வீட்டிலும் நடக்கிறவரே இல்லை என்று ஆகிவிட்டது. ஜவுளிக்கடைக்காரர் நடக்க முடியாத தன் மாமியாருக்காக அழுதார். படகு போனது. மாமியார் ரெண்டு சூட்கேஸோடு, குடையையும் தானே பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். அதிகாரிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அவர் அந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான் அந்தப் பெண் தலையோடு கால் சேறாக ஓடிவந்து அவர் முன்னால் விழுந்தாள்.

"சார், எங்கப்பாவால நடக்க முடியாது சார். அம்மா புடிச்சிட்டு இருக்காங்க. டீச்சர்கிட்டச் சொல்லு, அவங்களுக்குத் தெரியும்னு அனுப்புனாங்க சார்."

அதிகாரி அவளை உற்றுப் பார்த்தார். "ஏய், நீ அந்தக் கப்பு வாங்கின பொண்ணுதானே? அதே வசனம்! உங்க வீட்டு டிவியையும் பீரோவையும் ஏத்திட்டு வர எனக்கு நேரமில்லை, போ."

"அது நடிப்பு இல்லை சார்!" பெண் எழுந்து டீச்சரின் முந்தானையைப் பிடித்தாள். "சொல்லுங்க டீச்சர். நிஜம்னு சொல்லுங்க டீச்சர்."

"என்ன டீச்சர், அன்னிக்கு நடிச்ச பொண்ணுதானே இது?" என்றார் அதிகாரி.

தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றார். பிள்ளைகளின் அப்பா அம்மாமார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்தவர்களும் படகு தங்கள் வீட்டுப் பக்கம் போகட்டும் என்று சும்மா இருந்தார்கள்.

"ஆமா சார்" என்றாள் டீச்சர். கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். "இரும்மா, பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல" என்று முந்தானையை விடுவித்துக்கொண்டாள்.

படகு வேறு பக்கம் போனது. பெண் தண்ணீரில் இறங்கப் போனாள், ரெண்டு பேர் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். அவள் கத்திய கத்தலில் ரொட்டி வாங்க நின்றவர்கள்கூட எரிச்சலோடு திரும்பினார்கள்.

படகு திரும்பிவருவதற்குள் டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாவி, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அதிகாரியைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டாள். "சார், எதுக்கும் அந்தப் பள்ளத்துப் பக்கம் ஒரு தடவை பாத்துட்டு வரச் சொல்லுங்களேன். சின்னப் பொண்ணு, பாவம், அழறா."

"உங்க நல்ல மனசுக்காக அனுப்பறேன்" என்றார் அதிகாரி.

படகு வந்தபோது முன்பக்கம் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொத்தனார் கிடந்தார். அவர் மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளை இறக்கியபோது ரெண்டு கையும் மடங்கியபடியே இருந்தன, நீட்ட வரவில்லை.

"கட்டில்மேல மேசையப் போட்டு உக்கார வச்சிருந்தேன் டீச்சர்" என்றாள், யாரும் கேட்காமலேயே. "அப்புறம் தண்ணி கழுத்துக்கு வந்துச்சு. நானும் மேல ஏறி நின்னு தலையத் தூக்கித் தூக்கிப் புடிச்சேன். படகுச் சத்தம் கேக்குதுய்யா, இரு இருன்னு சொன்னேன். அது வேற பக்கம் போயிடுச்சு. அதுக்கப்புறந்தான் கை விட்டுப்போச்சு."

டீச்சர் ஒரு ரொட்டியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்னதாலதான் எங்க பக்கம் வந்தோம்னு படகுக்காரர் சொன்னாரு. இத்தனை பேர்ல எங்களை நெனச்சவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்க நல்லா இருக்கணும் தாயி." மடங்கிய கைகளாலேயே டீச்சரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "என்னடி மரம் மாதிரி நிக்கிறே? டீச்சருக்கு நன்றி சொல்லுடி."

பெண் அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே நல்ல விஷயத்தை உடைத்துப்போட அவளுக்கு வாய் வரவில்லை.

"ரொம்ப நன்றி டீச்சர்" என்றாள்.

"பரவால்லம்மா" என்றாள் டீச்சர்.