வெறும் தண்ணீர் ஜாடி

பேரையூர்ப் பெண் ரோகிணி, திருமங்கலம் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரியில் மருந்தாக்கம் படிக்கிறாள். அவளுக்கு ஆராய்ச்சிக்கு வாய்த்தது ஒரு குடற்புழு மருந்து. தண்ணீரில் கரையவே கரையாது. விழுங்கினாலும் பாதி வீணாகத்தான் போகும். கறிக்குழம்புச் சட்டியை வெறும் தண்ணீரில் அலசிப் பார்த்திருப்பீர்கள்தானே, கண்ணுகளா? பிசுக்கு போகாது. கொஞ்சம் சோப்பு பட்டால் போதும். ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி, வயிற்றுக்குக் கெடுதல் செய்யாத ஒரு சோப்பு வகையை வைத்து அந்த மருந்தைக் கரைக்கப் பார்த்தாள் ரோகிணி.

அதற்கு இரண்டு ஜாடி, உள்ளே சுற்றிக் கலக்க ஆளுக்கொரு துடுப்பு. சோப்புத் தண்ணீர் ஜாடியில் மருந்து கரைய வேண்டும். வெறும் தண்ணீர் ஜாடியில் மிதக்க வேண்டும். அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் அவளுக்குப் பட்டம்.

ஆயுத பூசை விடுமுறை முடிந்து வந்ததும் பேராசிரியர் ஜெயபாண்டி முன்னால் சோதனையைச் செய்து காட்டினாள். இரண்டு ஜாடியிலுமே மருந்து கரைந்துவிட்டது.

கூடப் படிக்கிற அழகுபாண்டிக்குச் சிரிப்பு. "ஏ ரோகிணி, ஓஞ் சோப்ப விட நம்ம வைகைத் தண்ணி நல்லா வேல பாக்குதே."

ஜெயபாண்டி சிரிக்கவில்லை. மறுபடியும் இப்படியே வந்தால் தலைப்பை மாற்ற வேண்டியதுதான், இன்னும் ஒரு வருசம் ஆகும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ரோகிணிக்குச் சாப்பாடு இறங்காது என்று தெரிந்தது. ஜாடிகளைக் காலி செய்ய நின்றாள். வெறும் தண்ணீர் ஜாடியைச் சாய்த்தபோது ஓரத்தில் நுரை கட்டி நின்றது. தொட்டாலும் உடையாத பொடி நுரை. வெறும் தண்ணீருக்கு நுரை ஏது?

அவளுக்குப் பொறி தட்டியது. பூசைக்கு முந்தின நாள், சாமிக்கு வைக்கிற சாமானாயிற்றே என்று, வீட்டிலிருந்து பூந்திக்கொட்டை கொண்டுவந்து ஊறவைத்து, அந்தத் தண்ணீரால் ஜாடிகளைத் தேய்த்துக் கவிழ்த்தவள் அவளேதான். பூந்திக்கொட்டையும் சோப்பு மாதிரிதானே. பிறகு சந்தனம், குங்குமம் வைத்தாள். விடுமுறை முடிந்து வந்து பொட்டை மட்டும் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

ஜெயபாண்டி திரும்பி வந்ததும் மறைக்காமல் சொன்னாள்.

"நல்லா அலசிருக்க வேண்டியதுதானே?"

"பூசையில வச்சத அப்படியே எடுத்துத்தான் வேலையத் தொடங்கணும் சார். கழுவுனா பூசை போட்டது போயிரும்னு எங்க வீட்ல சொல்வாக."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்லயும் அப்படித்தாம்மா. அதான் ஜாடிய அலசுனியான்னு காலையில நானும் ஒன்னயக் கேக்கல."

ரோகிணி குழாயடிக்குப் போனாள். மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஜாடியைக் கழுவினாள், நுரை அறவே போகும்வரை. கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு அலசினாள்.

சாயங்காலம் ஜாடிகளில் துடுப்பு மறுபடி சுற்றியது. சோப்புத் தண்ணீர் ஜாடியில் மருந்து கரைந்து மறைந்தது. வெறும் தண்ணீர் ஜாடியில் பொடி பிடிவாதமாக மேலேயே வெள்ளை வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. அது கரையாமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்து ரோகிணிக்குப் பசி எடுத்துவிட்டது.