ஏழாவது ஆள்

அண்ணனுக்கு மருத்துவ மேற்படிப்பு முடிய ஒரே ஒரு ஆய்வுதான் பாக்கி. ஒரு தூக்க மருந்தை ஏழு பேருக்கு, முதல் ஆளுக்கு ஒரு துளி, ஏழாவது ஆளுக்கு ஏழு துளி என்று கொடுத்து, யார் எத்தனை நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று குறித்திருந்தான். கணக்கு என்றால் அவனுக்கு எட்டிக்காய். தேர்வாளர்களோ ஒவ்வொரு படியையும் கையால் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் தங்கையிடம் தாளை நீட்டினான். அந்த ஏழாவது ஆள் அவர்களுடைய அம்மா.

தங்கை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் ஆறு பேரின் நிமிடங்கள் பத்து, இருபத்தைந்து, இருபது, நாற்பது, நாற்பத்தைந்து, அறுபது. ஏழு துளி குடித்த அம்மாவுக்கு வெறும் பத்து. சராசரி முப்பது. துளிகளும் நிமிடங்களும் அவற்றின் சராசரியிலிருந்து விலகிய விலகல்களைப் பெருக்கிக் கூட்டினால் 95. அதைத் துளிகளின் விலகல் வர்க்கங்களின் கூட்டான 28-ஆல் வகுத்தால், புள்ளிகளின் ஊடே போகும் கோட்டின் சாய்வு 3.39. ஒரு துளி கூடினால் மூன்று நிமிடச் சொச்சம் தூக்கம். அதையும் நம்பலாமா என்று பார்க்க, புள்ளிகள் கோட்டைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று வர்க்கம் போட்டுச் சாய்வின் பிழையைக் கண்டாள்: 3.61. சாய்வை அதனால் வகுத்தால் சோதனை மதிப்பு 0.94. நம்புவதற்கு அட்டவணை கேட்டதோ குறைந்தது 2.571.

"தேறலைண்ணா. இது தற்செயலாவே வந்திருக்கலாம். இன்னும் நிறைய பேர்கிட்ட பார்க்கணும்."

"சரிம்மா. உள்ளதை உள்ளபடி எழுதிடறேன்."

ஒரு மாதம் கழித்து, தடித்த அட்டை போட்ட பிரதி ஒன்றை அனுப்பியிருந்தான். ஆசையாகப் புரட்டினாள். 'ஆய்வில் பங்கேற்றோர்: ஆறு பேர்.' சாய்வு 9.43. சோதனை மதிப்பு 6.98. கீழே 'கணக்கீடு' என்று போட்டு அவள் பெயர், பதவியோடு.

பென்சிலை எடுத்து ஆறு பேருக்கும் மறுபடி போட்டாள். எங்கேயும் பிசகு இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

போன் போட்டாள். "இதுல அம்மா எங்கண்ணா?"

"அந்த ஒரு ஆள் மொத்தத்தையும் கவுத்துடுதும்மா."

"அதுக்கு என் பேரை எதுக்குப் போட்டே?"

"கணக்கு டீச்சர் பேர் இருந்தா எவனும் நோண்ட மாட்டான்."

அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பிரதியை விரித்துக் காட்டினாள். அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

"நான்தான்டி என்னை எடுத்துடச் சொன்னேன். ஆறு வருஷமா படிக்கிறான் பாவம்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டே."

மகள் பிரதியை மூடினாள். அண்ணன் செய்ததைக்கூடத் தாங்கியிருப்பாள். ஒரே வீட்டில், ஒரே தட்டில் பிட்டுத் தின்றபடி அம்மா ஒரு மாதம் வாயே திறக்காமல் இருந்ததுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் ஏழு பேரின் கணக்கையும் சுத்தப்பிரதி எடுத்து, கையெழுத்துப் போட்டு, தேர்வாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். ஆய்வு திரும்பி வந்தது; பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அண்ணன் பேச்சை நிறுத்தினான். அம்மா அவனுடைய வீட்டுக்குக் குடிபோனாள். பெட்டியைக் கீழே வண்டிவரை தூக்கிக்கொண்டு போய் வைத்தவள் மகள்தான்.