வேம்பு வைத்த சூப்பு

இராஜாங்கம் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார் என்று முதலில் சொன்னது எடை மெஷின்தான். அதற்குப் பிறகு அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சொன்னார்கள்.

திருப்பனந்தாள் பக்கத்தில் சொந்தமாக நெல் போடுகிறவர் அவர். மனிதர் புல்லட்டில் ஏறினால் புல்லட் முனகும், அவ்வளவு கனம். முட்டி தேய்ந்தது, சர்க்கரை ஏறியது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் செம்மொழி மல்லுக்கட்டி, தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்ய வைத்தாள். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழ அளவு. இனி அதற்குள்தான் ஆயுசை ஓட்டியாக வேண்டும்.

ஓட்டினார். அதைத்தான் யாரும் நம்பவில்லை. டயட்டீசியன் சாஜிதா சொன்னதில் ஒரு சொல்லை அவர் மீறியதில்லை. முதலில் முட்டையோ மீனோ பருப்போ. அதற்கப்புறம் இடமிருந்தால் காய். கடைசியில் பேருக்குக் கொஞ்சம் சோறு. சாப்பிடும்போது தண்ணீரைத் தொடமாட்டார், அரை மணி நேரம் கழித்துத்தான் குடிப்பார். காலையும் மாலையும் வாய்க்கால் கரையில் நடை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் ஊரே பிரியாணியில் கை நனைத்தபோது, ஒற்றை முட்டையைப் பிட்டுப் பிட்டு மென்றுகொண்டிருந்த மனிதர் அவர். கிண்டலடித்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி மென்றார். எடை இறங்க இறங்க, வேட்டி இடுப்பில் இன்னொரு சுற்று கூடுதலாக வந்தது.

அப்புறம் இறக்கம் நின்றது. நின்றதோடு விட்டதா, மெல்ல ஏறவும் ஆரம்பித்தது. சர்க்கரையும் கூடவே ஏறியது. சில நாள் மனைவி வேம்பு வைத்துக் கொடுக்கும் சூப்பைக் குடித்த கொஞ்ச நேரத்தில் குப்பென்று வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். படுத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் சாஜிதா ரொம்பப் பக்குவமாகத்தான் கேட்டாள்.

"நான் திட்டமாட்டேன் சார். கடையில டீ, பஜ்ஜி, ஜூஸ், ஏதாச்சும் உள்ள போகுதா? உண்மையைச் சொன்னாத்தான் நான் உதவ முடியும்."

"இல்லீங்க மேடம். என் பொண்ணு மேல சத்தியமா இல்லீங்க."

சாஜிதா வேம்பு பக்கம் திரும்பினாள். "வீட்ல என்னம்மா குடுக்குறீங்க?"

"நீங்க சொன்னதுதான் மேடம். முட்டை, மீனு, பாசிப்பருப்பு போட்ட சூப்பு." வேம்பு கொஞ்சம் நிறுத்தினாள். "வெளிய போற எடத்துல என்ன பண்றாருன்னு நான் எங்கங்க கண்டேன்."

இராஜாங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிறாள், அதற்கு மேல் யார் நம்புவார்கள்? அன்று சாயங்காலமே செம்மொழி போன் செய்தாள். "அப்பா, என்கிட்டயுமா பொய் சொல்றீங்க? அம்மா அழுவுது" என்றாள். அதிலிருந்து அவர், தெரிந்தவர்கள் கூப்பிட்டாலும் டீக்கடை பெஞ்சில் உட்காருவதை விட்டார். தன் மேலேயே சந்தேகம் வந்து, "நீயும் என்கூட வயலுக்கு வந்துரு வேம்பு. நான் எதையாச்சும் தின்னா நீயே பாத்துச் சொல்லு" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"விடுங்க, ஒடம்பு தனக்கு வேண்டியதத்தான் கேக்குது" என்றாள் அவள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

சம்பாவுக்கு மேலுரம் போடப் போன ஒரு நாள், மழை பிடித்துக்கொண்டது. பாதியிலேயே திரும்பிய இராஜாங்கம் கொல்லைப்புறமாக வந்தார். தொட்டியில் வாய் வைத்த மாடு தலையை உதறிக்கொண்டு கத்தியது. எட்டிப் பார்த்தால் வெறும் தவிட்டுத் தண்ணீர். சோறு வடிக்கிற நேரம் இது, கஞ்சி எங்கே போயிற்று என்று கேட்கத்தான் அடுப்படி வாசலுக்கு வந்தார்.

வேம்பு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வடித்த கஞ்சி, கொழகொழவென்று, சூப்புப் பாத்திரத்தில் இருந்தது. குழைந்த சோறு இரண்டு கரண்டி மிக்சிக்குள் போயிற்று. அதன் தலையில் நெய். மிக்சி ஓடி நின்றதும் அதையும் சூப்பில் ஊற்றிக் கலக்கி, மேலே மிளகும் சீரகமும் தூவினாள். ருசி பார்த்து உப்புப் போட்டாள்.

"எத்தன நாளா இது?"

திரும்பினாள். பெரிதாக ஒன்றும் பதறவில்லை. "வெறுந்தண்ணியக் குடிச்சிட்டு மனுசன் எப்படிங்க வயல்ல நிப்பான்? வடிச்ச கஞ்சிதான, மாட்டுக்கு ஊத்துறது. அது ஒரு சாப்பாடா?"

"சோத்தையும் அரைச்சு ஊத்துறியே. அதான் எனக்கு இந்த வேர்வையும் சர்க்கரையுமா?"

"ரெண்டு கரண்டி." அவளுக்குக் குரல் உடைந்தது. "நடவுக்கு வந்தவளுங்க கேக்குறாளுங்க, ஒன் வீட்டுக்காரருக்குப் பெரிய நோவான்னு. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிஞ்சு, எங்கப்பா சாவறப்ப அப்படித்தாங்க இருந்தாரு. சோத்துக்கு இல்லாம. இப்ப வீடு நெறைய நெல்ல வச்சிக்கிட்டு ஒங்களையும் நான் அப்படிப் பாக்கணுமா?"

இராஜாங்கம் சுவரில் சாய்ந்துகொண்டார். பண்ணையாளாக வேலை பார்த்த குடும்பம் அவருடையதும். சோற்றின் அருமை அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கஞ்சி அவருக்குப் புரிந்தது, நெய்யும் புரிந்தது. இன்னொன்றுதான் தொண்டையில் இறங்க மறுத்தது.

"கஞ்சி ஊத்துன, சரி. அந்த மேடம் முன்னாடி நான் திருடனாட்டம் உக்காந்திருந்தப்ப, வெளிய என்ன பண்றாருன்னு நான் எங்க கண்டேன்னு சொன்ன பாரு. அது எதுக்கு வேம்பு?"

அவள் மிக்சி ஜாரைக் கழுவ ஆரம்பித்தாள். "சொன்னா என்னைய திட்டுவாங்கல்ல."

"அதுக்கு என்னையக் காட்டிக் குடுத்தியா? செய்யாத தப்புக்கு?"

கழுவிய ஜாரையே மறுபடி கழுவினாள்.

"இனிமே என் சூப்ப நானே வச்சிக்கிறேன். ஆனா ஒண்ணு. அந்த மேடத்துகிட்டயும் பொண்ணுகிட்டயும் நீதான் சொல்லணும், ஒன் வாயால. நான் சொன்னா பொண்டாட்டி மேல பழியப் போடுறான்னுதான் நெனப்பாங்க."

"சொல்றேங்க" என்றாள் வேம்பு. அழுதாள். அந்த அழுகையை அவர் நம்பினார்.

அன்றிலிருந்து எலும்பை வேகவைத்து, வடிகட்டி, தானே சூப்பு வைத்துக்கொண்டார். வியர்வையும் படபடப்பும் போன இடம் தெரியவில்லை. எடை மறுபடி இறங்கியது. செம்மொழி போன் செய்யும்போதெல்லாம் வேம்பு முகத்தைப் பார்ப்பார். அவள் மழை பற்றியும் மாடு பற்றியும் பேசி முடித்துப் போனை வைத்துவிடுவாள். "பொண்ணுகிட்ட போன்ல எப்படிங்க. மொதல்ல ஆஸ்பத்திரியில நேர்லயே சொல்லிர்றேன்" என்பாள். சரி, நேரில் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். உடம்பு இறங்கியதை விட அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த தடவை போனபோது சாஜிதாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா சார், வெளிய சாப்பிடுறத விட்டதும் எப்படி எறங்குது. தப்பு எல்லாரும்தான் பண்றாங்க. நீங்க திருத்திக்கிட்டீங்க பாருங்க, அதான் பெருசு."

இராஜாங்கம் வேம்புவைப் பார்த்தார். இதைவிட நல்ல நேரம் வராது. கதவு சாத்திய அறை, தங்கமான பெண், திட்டக்கூட மாட்டாள்.

வேம்பு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சிரித்தாள்.

"ஆமா மேடம். நான்தான் கண்டிச்சு வச்சிருக்கேன். இப்பல்லாம் வெளிய எதையும் தொடுறதில்ல."

"ஒங்களுக்கு நல்ல மனைவி கெடச்சிருக்காங்க சார்" என்றாள் சாஜிதா.

இராஜாங்கம் எழுந்து நின்று சாஜிதாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். வேம்பு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அடுத்த தடவயிலேருந்து நான் தனியா வந்துக்கிறேங்க மேடம்" என்றார்.