இரண்டு இடப்பக்கங்கள்

"அதைத் திருப்பிப் போட்டுப் பாரேன்."

"திருப்பினா குமிழெல்லாம் உள்பக்கம் போயிடும்டா. வெளியே மொட்டையா இருக்கும்."

"இருக்கட்டுமே. டிரைவர் மட்டும் பார்த்து ரசிச்சுக்கட்டும்."

அக்கா சிரிக்கவில்லை. சமையலறை மேசையில் இரண்டு பித்தளைத் தகடுகள் கிடந்தன. அவள் செய்துகொண்டிருந்த கையகலப் பொம்மை ரயில் என்ஜினில் டிரைவர் நிற்கும் அறையின் பக்கச் சுவர்கள் அவை. இரண்டையும் ஈயம் வைத்து ஒட்டி, ஒன்றாக அறுத்து, அரத்தால் ராவி, சூடு காட்டிப் பிரித்திருந்தாள். அதுவரை சரி. பிறகு பின்புறமிருந்து ஊசிமுனையால் அழுத்தி, முன்புறம் ஆணித்தலைகள் போலக் குமிழ்களை எழுப்பினாள். அப்போது ஒரு தகட்டைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கில் வைத்துவிட்டாள். இப்போது என்ஜினுக்கு இரண்டு இடப்பக்கங்கள் இருந்தன, வலப்பக்கம் இல்லை.

அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள். குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டபின் அந்தப் பக்கம் போகவில்லை. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, டாக்டரும் சரியாகிவிட்டது என்றார். அவளுக்குத்தான் தன் கைமீது நம்பிக்கை வரவில்லை. இன்னொருவர் வாய்க்குள் போகிற பல்லிலா பரீட்சை பார்ப்பது? கையைச் சோதிக்கத்தான் முதன்முதலாக ஒரு என்ஜின். முதலாளியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இன்று மாலைக்குள் வருவதாகச் சொல்லாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவேன் என்றிருந்தார்.

"இதுலயே இந்த லட்சணம். வரலைன்னு சொல்லிடறேன்."

தம்பி செல்போன் பழுது பார்ப்பவன். தகடுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். மேல்தகட்டின் குழிகளுக்குள் கீழ்த்தகட்டின் குமிழ்கள் போய் உட்கார்ந்தன, ஒரு வரிசை விடாமல். விரலால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

"அக்கா, இங்க பாரு."

"என்னத்தைப் பார்க்க? அதான் தப்பாச்சே."

"தப்புதான். அதனாலதான் இப்படி உட்காருது. சரியாச் செஞ்சிருந்தா ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தியிருக்குமா? இத்தனை புள்ளியையும் அழுத்தினது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். ஓரம் முழுக்க நகத்தை ஓட்டினாள். எங்கேயும் தட்டவில்லை. மழைக்குப் பின் ஜன்னல் திறந்தது போல அவள் முகத்தில் ஏதோ மாறியது.

"உன் கைக்கு ஒரு குறையுமில்லை," என்றான் தம்பி. "மாவுக்கட்டை இனி மண்டைக்குப் போட்டாப் போதும்."

"வாயை மூடுடா."

இந்த முறை சிரித்துவிட்டாள். தகடுகளைப் பிரிக்க மனம் வராமல் அப்படியே இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் போனை எடுத்தாள்.

"அம்மா, நான்தான். கை பரவாயில்லை. நாளைக்கே வர்றேன்." கொஞ்சம் தயங்கினாள். முன்பல் என்றால் சிரிக்கும்போதெல்லாம் ஊரே பார்க்கும். அந்த வேலையைப் பழகிய கைகளுக்குத்தான் கொடுப்பார்கள்.

"எடுத்ததுமே எனக்கு முன்பல் ஒண்ணு குடுப்பீங்களா?"