மூன்று நிமிடத்தில் பெரிய மனிதன் ஆனேன்

1

அறுபத்தெட்டு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து வரை குழந்தையாக இருந்த நான், பதினொன்று பதின்மூன்றுக்குப் பெரிய மனிதன் ஆகிவிட்டேன். இவ்வளவு வேகமாகப் பக்குவப்பட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அதைப் பீற்றிக்கொள்ளத்தான் இந்தக் கதையே. நம்பாதவர் ஒரே ஒருவர், என் மனைவி. முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

2

முதல் ஆரம்பம்: மூக்குக்கண்ணாடிக் கடையில் நாற்பது வருடம் லென்ஸ் தேய்த்தேன். நான் தேய்த்ததைப் போட்டுக்கொண்டவர்கள் அடுத்த ஊர்க் கடிகாரத்தில் மணி பார்த்தார்கள், சிலர் அடுத்த வாரத்தையே... (வேண்டாம். எனக்கே அதிகமாகப் படுகிறது.)

இரண்டாவது ஆரம்பம்: தம்பியும் நானும் ஒரே மேஜை. லென்ஸில் வலது, இடது என்று பேனாவால் குறித்துக்கொண்டுதான் தேய்ப்போம். ஒருநாள் நான் ஃப்ரேமில் மாட்டுவதற்கு முன்னாலேயே குறியைத் துடைத்துவிட்டேன். ஞாபகத்தை நம்பி மாற்றி மாட்டினேன். அதைப் போட்டுக்கொண்ட பெரியவர் கடைப் படியிலேயே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

“யார் பார்த்த வேலை?” என்றார் முதலாளி. நான்

(இந்த வாக்கியம் முப்பது வருடமாக இப்படியே நிற்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. தம்பியைத் துரத்தினார்கள். வேறு எந்தக் கடையும் அவனைச் சேர்க்கவில்லை. அடுத்த வருடம் நான் சூப்பர்வைசர். ‘பக்குவமான ஆள்’ என்றார் முதலாளி.)

3

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். தம்பி அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் வாளியோடு ஓடிவந்தார்கள்.*

* வாளி பொய். அழுகையும்.

“போனதே பொய்,” என்றாள் மனைவி. “உங்க தம்பியைப் பொறுப்பில்லாதவர்னு முப்பது வருஷமா நெனச்சிட்டிருக்கேன். கட்டினவகிட்டயே சொல்லாத ஆளு, அவர்கிட்ட போய்ச் சொன்னீங்களாக்கும்.”

4

தம்பி மன்னிக்கிறான், தம்பி அறைகிறான், தம்பி வீட்டிலேயே இல்லை. பிடித்த முடிவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

“தம்பி, உங்க அண்ணன் அங்க வந்தாரா?”

“வந்தார் அண்ணி. அந்தக் கண்ணாடி விஷயத்தைச் சொன்னார். உட்காரச் சொன்னேன், நிக்காம போயிட்டார்.”

“நீங்க ஒண்ணும் கேக்கலையா?”

“என்ன கேக்கறது? அன்னிக்கே தெரியும். தேய்ச்ச ஓரத்தைப் பாத்தா யார் கைன்னு தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“அவரே சொல்லுவார்னு இருந்தேன்.”

போனை வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

“போயிருக்கீங்க,” என்றாள். “சொல்லியும் இருக்கீங்க.”